தலைக்கு மேலே மாட்டிய மெஷின்

கூலிங் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஏசி மெக்கானிக் என்பதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் அது. அவரை ஏணியின் உச்சியில் பார்த்திருக்கிறார்கள், கட்டிலுக்கு அடியில் பார்த்திருக்கிறார்கள், ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பாகத் தொங்கப் பார்த்திருக்கிறார்கள். நாற்காலியைக் காட்டி "உக்காருங்க" என்றால், குனிந்து அதன் கால் ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்ப்பார். டீ கொடுத்தால் நடந்துகொண்டே குடித்து, டம்ளரை வேறு ஏதாவது அறையில் வைத்துவிட்டுப் போவார். வழியில் இருக்கும் சுவிட்சையெல்லாம் ஒரு தட்டுத் தட்டாமல் கடக்க மாட்டார். வாடிக்கையாளர்கள் இதைத் தொழில்பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

உண்மை என்னவென்றால், உட்கார்ந்தால் அவர் தூங்கிவிடுவார். முடிதிருத்தும் கடையில் தூங்கியிருக்கிறார். அது பெரிதல்ல, பலரும் செய்வதுதான். பல் டாக்டர் பல்லைக் குடைந்துகொண்டிருந்தபோது தூங்கினாரே, அதுதான் சாதனை. "வாயை மூடாதீங்க" என்று டாக்டர் கத்திய சத்தம் வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. எனவே அவர் சுறுசுறுப்பு என்று நாம் கொண்டாடியது, தூக்கம் துரத்திக்கொண்டு வர, ஒரு மனிதர் முன்னால் ஓடிக்கொண்டிருந்ததுதான்.

இரவில் தூங்குபவர் பகலில் எதற்கு ஓட வேண்டும்? இதற்கு விடை சொல்லக்கூடிய ஒரே ஆள் அவருடைய மனைவி. பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்டரில் வேலை. நாள் முழுக்க வரிசையைப் பார்த்துப் பார்த்து, வீட்டிலும் பேச்சு டிக்கெட் அளவுக்குச் சுருங்கிவிட்டது. யார் எதைச் சொன்னாலும் கேட்டு முடித்துவிட்டு, "அடுத்தது?" என்பார். அவரே ஒருநாள் காலையில் வரிசையை நிறுத்தி வைத்துவிட்டுப் பேசினார்.

"நீங்க குறட்டை விடறதுகூடப் பரவால்லீங்க. நடுவுல நிறுத்தறீங்களே, அதுதான் பயமா இருக்கு."

"நிறுத்தினா நல்லதுதானே?"

"மூச்சையும் சேர்த்து நிறுத்தறீங்க."

"அது தெர்மோஸ்டாட் மாதிரிம்மா. ரூம் கூல் ஆனதும் கம்ப்ரசர் கட் ஆகும். அப்புறம் தானா எடுத்துக்கும்."

"எடுத்துக்கலைன்னா?"

கூலிங் எழுந்து போய் ஃபிரிட்ஜின் பின்பக்கம் தூசி தட்ட ஆரம்பித்தார்.

உலகத்தில் அவர் உட்கார்ந்தும் தூங்காத ஒரே இடம் இருந்தது. அவர் வேலை பார்த்த ஏசி கடையின் வேனில், ஓட்டுநர் இருக்கை. வேன் கடைக்குச் சொந்தம் என்பது காகிதத்தில் மட்டும்தான். மேலே ஏணி கட்டக் கம்பி பற்றவைத்தது அவர், கேஸ் சிலிண்டர் உருளாமல் இருக்க மரச்சட்டம் அடித்தது அவர், இரண்டாவது கியர் எந்த வருத்தத்தில் விழ மறுக்கிறது என்று அறிந்ததும் அவர். கண்ணாடிக்குக் கீழே அவர் சீப்பு இருக்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் தூக்கம் கொஞ்சம் தள்ளி நின்று மரியாதை கொடுக்கும்.

அந்த மரியாதையும் ஒருநாள் போயிற்று. சிவப்பு விளக்கில் வேன் நின்றது. பக்கத்தில் சகலை. அதாவது மனைவியின் தங்கை புருஷன். வேலையில்லாமல் இருந்தவரைக் கடையில் சேர்த்துவிட்டதே கூலிங்தான். விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் சத்தம். வேன் அசையவில்லை.

"சகலை, பச்சை," என்றார் சகலை. பிறகு தோளைப் பிடித்து உலுக்கினார். "சகலை! பச்சை!"

கூலிங் விழித்தார். விழித்த வேகத்தில் எதையும் பார்க்காமல் மிதித்தார். வேன் நடுத்தடுப்பின்மேல் ஏறி, "மெதுவாகச் செல்லவும்" என்று எழுதியிருந்த பலகையைச் சாய்த்துவிட்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. பலகைக்கு மட்டும்.

கடை முதலாளியம்மா கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறையில் உட்கார்ந்திருப்பவர். ஊருக்கெல்லாம் குளிர் விற்கும் அந்தக் கடையில் அவர் அறை ஏசி மட்டும் எப்போதும் ரிப்பேர். "நம்மளுதுதானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று எல்லோரும் தள்ளிப்போட்டதில் அந்த அறை ஒரு சூளை. போதாததற்கு முதலாளியம்மாவிடம் ஒரு கதை இருந்தது. அவருக்கும் அவர் கொழுந்தனுக்கும் நடுவில் எழும்பிய காம்பவுண்டு சுவரின் கதை. கல்யாணத்தில் தொடங்கும். மாமனார் மனை வாங்கிய இடத்துக்கு வரும்போது கேட்பவர் கண் சொருகும். அஸ்திவாரத்துக்கு மேல் அந்தக் கதையைக் கேட்டவர் கடை வரலாற்றிலேயே கிடையாது. விற்பனைப் பிரதிநிதிகள், வரி அலுவலர்கள், உறவினர்கள் எல்லோரும் அஸ்திவாரத்தில் விழுந்தவர்களே.

"சாவியைக் குடு," என்றார் முதலாளியம்மா.

"அம்மா, ஒரு செகண்டு அசந்துட்டேன், அவ்வளவுதான்."

"பலகை நின்ன இடத்துல ஒரு ஆளு நின்னிருந்தா?"

கூலிங் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். மின்விசிறி நின்றது. மறுபடி தட்டினார்.

"அதை விடு. இது வியாதிப்பா. போய்த் தூக்க டாக்டரைப் பாரு. இவன் வண்டி ஓட்டலாம்னு அவர் சொல்லட்டும், சாவி உன்னுது. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுவரைக்கும் உன் சகலை ஓட்டட்டும். அப்புறமும் சொல்லலேன்னா வண்டி அவனுக்கே."

சகலை தலையைக் குனிந்துகொண்டார். துக்கத்தில்தான் குனிந்தார் என்று நம்புவதற்கு வாய் ஓரம் இடம் தரவில்லை.

தூக்க டாக்டரின் கிளினிக்கில் தலை முழுக்க வயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். மறுநாள் டாக்டர் சொன்னது இதுதான்: தூங்கும்போது தொண்டை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது, மூச்சு நிற்கிறது, மூளை பதறி எழுப்புகிறது, மூச்சு வந்ததும் மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. ஆக, இரவெல்லாம் படுத்திருந்த மனிதர் காலையில் இரவெல்லாம் ஓடியவராக எழுகிறார். பாதை மூடாமல் காற்றை அழுத்தி அனுப்ப ஒரு மெஷின் உண்டு. மூக்கில் மாஸ்க், மாஸ்க்கிலிருந்து டியூப், டியூபின் மறுமுனையில் மெஷின், மெஷினுக்குள் காற்றை ஈரமாக்க ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி.

மெஷினைக் கையில் வாங்கியதும் கூலிங்கின் முகம் மலர்ந்தது. காற்று, ஃபில்டர், தண்ணீர், பைப். சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

அங்கே டெக்னீஷியனாக இருந்த இளம்பெண் பொறுமையாக விளக்கினார். "சார், முகத்துல படற இந்த சிலிக்கான் பாகத்தைத் தினமும் காலையில கழுவணும். வெதுவெதுப்பான தண்ணி, குழந்தைக்குப் போடற மாதிரி மைல்டான சோப்பு, அவ்வளவு போதும். முகத்து எண்ணெய் படிஞ்சா காத்து கசியும். தொட்டியில மிச்சம் இருக்கற தண்ணியைத் தினம் கொட்டிட்டுக் காய வைங்க. ராத்திரி புதுசா டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க. டியூபை வாரம் ஒருதரம் அலசித் தொங்க விடுங்க. இந்த வெள்ளை ஃபில்டரைக் கழுவக் கூடாது, அழுக்கானா மாத்தணும். மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழ ஒரு ஸ்டூல்ல வைங்க."

"மேடம், நம்ம லைனே இதுதான்," என்றார் கூலிங்.

நிபுணர்கள் அறிவுரை கேட்கும் முறை தனி. தலை தாராளமாக ஆடும். காது அந்த நேரத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் டிரில்லிங் மெஷினை எடுத்தார். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், ஏசி இன்டோர் யூனிட் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், இரும்புத் தாங்கி ஒன்றைப் பொருத்தினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நிற்கும்வரை மூன்றாம் தரம் நான்காம் தரம் திருகினார். சுவர்த் தூசி தலையணையெல்லாம் படிந்தது.

"ஸ்டூல்ல வைக்கச் சொன்னாங்கல்ல?" என்றார் மனைவி.

"கீழ வெச்சா தூசி இழுக்கும். எந்த ஊர்ல ஏசியைத் தரையில வெச்சிருக்கான்?"

"இது ஏசி இல்லீங்க."

"காத்து வருதா? ஃபில்டர் இருக்கா? தண்ணி இருக்கா? பைப் இருக்கா? அப்புறம் வேற என்ன இருக்கணுங்கற?"

"அறிவு," என்றார் மனைவி. "அடுத்தது?"

அடுத்தது டியூப். இங்கேதான் கூலிங்கின் தொழில் மேன்மை முழுவதும் வெளிப்பட்டது. ஏசியில் தண்ணீர் உள்ளே தேங்கக் கூடாது, பைப் வழியே வெளியே போய்விட வேண்டும். அதற்கு மெஷினிலிருந்து கீழ்நோக்கி, தொய்வில்லாமல், வளைவில்லாமல் சரிவு வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடி வாங்கிக் கற்றுக்கொண்ட பாடம். அவர் போட்ட பைப்பில் தண்ணீர் தேங்கியதாக இன்றுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. அதே சுத்தத்தோடு டியூபைக் கிளிப் அடித்துச் சுவரோடு இறக்கினார். டியூபின் முடிவில் மாஸ்க். மாஸ்க்கின் முடிவில் கூலிங்.

மறுநாள் காலை மூக்கிலிருந்து தண்ணீர் சொட்ட எழுந்து உட்கார்ந்தார். மீசை நனைந்திருந்தது. சட்டைக் காலர் நனைந்திருந்தது. ஆற்றில் தவறி விழுந்தவரைக் கரையேற்றிய மாதிரி இருமினார்.

"என்னங்க இது?"

"சர்வீஸ் போடணும்."

"நேத்துதான வந்துச்சு?"

"புதுசுன்னாலும் ஒரு சர்வீஸ் போட்டாத்தான் ஓடும்."

ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகினால் அழுக்கு அடைத்திருக்கிறது என்று பொருள். இதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனவே கழுவினார். குழந்தை சோப்பெல்லாம் குழந்தைக்குத்தான் என்று, கடையிலிருந்து ஏசியின் செம்புச்சுருளைக் கழுவும் காரமான மருந்தைக் கொண்டுவந்து மாஸ்க்கை ஊறவைத்தார். கழுவக் கூடாத வெள்ளை ஃபில்டரைக் கழுவினார். பிரஷர் பம்ப் வைத்துக் கழுவினார். அது நனைந்த டிஷ்யூ பேப்பர் போலத் துவண்டு வந்ததை மனைவியின் ஹேர் டிரையரில் காட்டி, நீவி, மறுபடி சொருகினார். கடைசியாகக் காய வைக்க வேண்டும். ஏசியைக் கழுவினால் வெறும் ஃபேனை ஓடவிட்டுக் காய வைப்பதுதான் முறை. அதன்படி மெஷினைப் போட்டுவிட்டு, டியூபை வீட்டுக்குள் கட்டியிருந்த துணிக்கொடியில் தொங்கவிட்டு, வேலைக்குப் போனார்.

மதியம் ஷிப்ட் முடிந்து வந்த மனைவி கதவைத் திறந்தார். ஆளில்லாத வீட்டில் யாரோ விடாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். கொடியில் மனைவியின் துண்டுக்கும் கூலிங்கின் பேண்டுக்கும் நடுவில் ஒரு டியூப் ஆடிக்கொண்டிருந்தது. அன்று மாலை நடந்த பேச்சில் "அடுத்தது" என்ற சொல்லுக்கே இடமில்லாமல் போயிற்று.

இரவில் மறுபடி தண்ணீர். காலையில் மறுபடி சர்வீஸ். சர்வீஸ் கூடியும் ஒழுகல் குறையவில்லை. மூக்கைச் சுற்றி மருந்தின் புண்ணியத்தில் சிவப்பாக ஒரு வட்டம் விழுந்தது.

"சகலை, மூஞ்சியில டம்ளரைக் கவுத்து வெச்சுப் படுத்தீங்களா?" என்று வேனை ஓட்டிக்கொண்டே கேட்டார் சகலை.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

"நான் ரோட்டைத்தான் பாக்கறேன். நீங்கதான் கண்ணை மூடிட்டுப் பேசறீங்க."

கூலிங் உண்மையிலேயே கண்ணை மூடித்தான் பேசினார். வேனில் இப்போது அவர் இடது பக்கத்து ஆள். அந்த இருக்கையில் தூக்கத்தைத் தள்ளி நிறுத்த ஸ்டீயரிங் இல்லை. ஏறினால் தூங்கினார், இறங்கினால் ஓடினார். இரவில் இருமி எழுந்து, மாஸ்க்கைக் கழற்றி, டியூபை உதறி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றி, முன்பைவிடக் குறைவாகத் தூங்கினார். ஒரு வீட்டில் ஏணியிலிருந்து இறங்கும்போது இல்லாத படியில் கால் வைத்தார். சகலை பிடித்துக்கொண்டார்.

"சகலை, வேன் கிடக்குது விடுங்க," என்றார் சகலை, முதல்முறையாகக் கிண்டல் இல்லாமல். "ஏணியும் வேண்டாம்னு அம்மா சொல்லிடப் போறாங்க."

கூலிங் அன்று டீயை நடந்து குடிக்கக்கூட இல்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார், ஆறும்வரை.

மாசக் கடைசியில் மெஷினைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மனைவியோடு கிளினிக்குக்குப் போனார். மெஷினுக்கு ஞாபகசக்தி உண்டு. எப்போது ஓடியது, காற்று எவ்வளவு கசிந்தது என்றெல்லாம் வைத்துக்கொள்ளும். டெக்னீஷியன் கம்ப்யூட்டரில் பார்த்தார். புருவம் ஏறியது.

"ராத்திரி கழட்டிக் கழட்டி மாட்டியிருக்கீங்க, அது சரி. பகல் முழுக்க மெஷின் ஓடியிருக்கே? பகல்ல தூங்கறீங்களா சார்?"

"நானா? நான் வேலைக்குப் போறவன் மேடம்."

"அப்ப பகல்ல மாஸ்க்குல யாரு?"

"அதை நானும் தெரிஞ்சுக்கணும்," என்றார் மனைவி.

"அட, யாரும் இல்ல! சர்வீஸ் பண்ணிக் காய வெக்கிறேன்."

"சார், மெஷின் சொல்றதை வெச்சுப் பாத்தா, நீங்க ராத்திரி தூங்காம, பகல் முழுக்க மாஸ்க் சரியா போடாம தூங்கற ஆளு. இதை அப்படியே டாக்டர்கிட்ட காட்டினா வேன் இல்ல, சைக்கிள்கூட ஓட்டக் கூடாதும்பார்." அவர் மாஸ்க்கை முகர்ந்து பார்த்துச் சட்டென்று தள்ளி வைத்தார். ஃபில்டரைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். அதன் வழியே ஜன்னல் தெரிந்தது. "மெஷினை வீட்ல எங்க வெச்சிருக்கீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் கூலிங் காத்திருந்தார். போனை எடுத்துப் புகைப்படத்தைக் காட்டினார். "ரசமட்டம் வெச்சு அடிச்சது. சரிவு எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க."

டெக்னீஷியன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நல்ல வேலை சார். தொட்டியில இருந்து சூடா ஈரக்காத்து வருது. டியூப் குளிர்ச்சியா இருக்கு. உள்ள பட்டுத் தண்ணியாகுது. அந்தத் தண்ணி எங்க போகும்?"

"சரிவுல கீழ போகும். ஒரு சொட்டு தேங்காது. அதுதான் நம்ம வேலை."

"கீழ யாரு இருக்கா?"

கூலிங் புகைப்படத்தைப் பார்த்தார், சுவரை, தாங்கியை, கிளிப்புகளை, டியூபை, டியூப் போய் முடியும் தலையணையை.

"கீழ இவரு இருக்காரு," என்றார் மனைவி, பயணிக்கு நடைமேடை சொல்லும் குரலில்.

கூலிங் எழுந்தார். அந்த அறையின் ஏசிக்குக் கீழே போய் நின்று, "இதுக்குத் தண்ணி வடியற பைப் எந்தப் பக்கம் விட்டிருக்காங்க?" என்று கேட்டார்.

சரியாகச் சில வாரம் பயன்படுத்திக் காட்டினால்தான் டாக்டர் நல்ல வார்த்தை சொல்வார் என்று ஆயிற்று. மாசக் கடைசியோ இன்றைக்கு. கடையில் முதலாளியம்மா சொன்ன சொல் மாறவில்லை. சகலை கண்ணாடிக்குக் கீழே இருந்த சீப்பை எடுத்து, மரியாதையாகத் துடைத்து, கூலிங்கிடம் நீட்டினார்.

"உங்களுது சகலை."

சீப்பை வாங்கிய கூலிங் அதை எந்தப் பையில் வைப்பது என்று தெரியாமல் நாலு பையிலும் வைத்துப் பார்த்தார்.

அன்று மாலை தாங்கியைக் கழற்றினார். சுவரில் ஓட்டைகள் நின்றன. மெஷின் ஸ்டூலுக்கு இறங்கியது. புது ஃபில்டர், புது மாஸ்க். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு விரலால் மெல்லத் தேய்த்து அலசி, வெயில் படாத இடத்தில் துண்டின்மேல் வைத்தார். தொட்டியைக் கொட்டிக் கவிழ்த்தார். கை பிரஷர் பம்பைத் தேடித் துடித்தது. "போதும், வெச்சிடுங்க" என்று மனைவி சொல்லும்வரை மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவு குறைவாக வேலை செய்தால் ஒரு பொருள் சுத்தமாகும் என்று நம்ப அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

மூக்குக்குத் தண்ணீர் வரவில்லை, டியூபில் சேர்ந்தது சரிவில் இறங்கித் தொட்டிக்கே திரும்பிப் போயிற்று. கூலிங் தூங்கினார். அத்தனை வருஷத்துத் தூக்கத்தையும் வட்டி போட்டு எடுப்பவர் மாதிரி தூங்கினார்.

இதனால் நிம்மதி வந்தது என்று நினைத்தால் தவறு. இத்தனை நாள் இடது பக்கத்து இருக்கையில் ஏறியதும் தூங்கிவிட்டதால், சகலை வண்டி ஓட்டும் அழகை அவர் பார்த்ததே இல்லை. இப்போது முழுக் கண்ணும் திறந்து பார்த்தார். சகலை திருப்பத்தில் இண்டிகேட்டர் போட மறந்தார். திரும்பி முடிந்த பிறகு ஞாபகமாகப் போட்டார். இரண்டாவது கியரை வருத்தம் விசாரிக்காமல் அறைந்து தள்ளினார். ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். கூலிங்கின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, இடது பக்கத்துக் கால்மிதி தேய்ந்துபோயிற்று.

"சகலை, நீங்க தூங்கிட்டு வந்தப்ப நிம்மதியா இருந்துச்சு," என்றார் சகலை.

"எனக்கும்தான்," என்றார் கூலிங்.

ஒருவழியாக டாக்டர் நல்ல வார்த்தை சொன்னார். கூலிங் மதியமே முதலாளியம்மா முன்னால் போய் நின்றார். சகலையும் பின்னாலேயே வந்தார், சாவி இருந்த சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு.

"அம்மா, டாக்டர் ஓட்டலாம்னு சொல்லிட்டாரு."

"மாசக் கடைசி தாண்டியாச்சேம்மா," என்றார் சகலை. "குடுத்த சாவி குடுத்ததுதானே?"

முதலாளியம்மா இருவரையும் பார்த்தார். "டாக்டர் சொன்னது இருக்கட்டும். வண்டி என்னுது, நானும் பாக்கணும். ரெண்டு பேரும் உக்காருங்க. இந்தச் சுவர்க் கதை உங்களுக்குச் சொல்லியிருக்கேனா?"

அறையில் காற்று அசையவில்லை. சகலை அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். நாற்காலிகள் இரண்டும் தயாராக இருந்தன. கூலிங் உட்கார்ந்தார். நாற்காலியின் கால் ஆடியது. ஆட்டிப் பார்க்கவில்லை. கை சுவிட்சைத் தேடியது. தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. மாமனார் மனை பார்த்தார். மனையின் நான்கு எல்லையும் விவரமாக வந்தன. சகலையின் தலை ஒருமுறை முன்னால் விழுந்து நிமிர்ந்தது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். மண் கடினமாக இருந்தது. எவ்வளவு கடினம் என்பதையும் முதலாளியம்மா சொன்னார். சகலையின் தாடை இறங்கியது. மெல்லிய குறட்டை ஒன்று தொடங்கியது. கூலிங்கிற்கு உடம்பெல்லாம் பரபரத்தது. எழ வேண்டும், நடக்க வேண்டும், எதையாவது திருக வேண்டும். ஆனால் தூக்கம் வரவில்லை. உட்கார்ந்திருக்கிறோம், தூங்கவில்லை என்பது அவருக்கே விசித்திரமாக இருந்தது. பயந்து பயந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கதை அஸ்திவாரத்தைத் தாண்டியது. முதலாளியம்மாவின் குரல் சற்றுத் தடுமாறியது; அதற்கு மேல் சொல்லிப் பழக்கமில்லை.

"அப்பத்தான் கொழுந்தன் வீட்டு முற்றத்துத் தண்ணியெல்லாம் எங்க வாசல்ல வந்து நிக்க ஆரம்பிச்சது. கேட்டா, எங்க முற்றத்துல ஒரு சொட்டு தேங்கறதில்ல, கொத்தனார் அவ்வளவு நல்லாப் போட்டிருக்கார்னு பெருமை பேசறாரு."

"சரிவு உங்க பக்கமா?" என்று கேட்டார் கூலிங்.

முதலாளியம்மா நிறுத்தினார். இதுவரை அந்தக் கதையில் யாரும் கேள்வி கேட்டதில்லை.

"எங்க பக்கம்தான்."

"அவர் பொய் சொல்லலைம்மா. அவர் வீட்ல தேங்கியிருக்காது." கூலிங் தன் மூக்கைத் தடவிக்கொண்டார். "கீழ யாரு இருக்காங்கன்னு பாத்திருக்க மாட்டாரு. சரிவு நல்லா அமைஞ்சுட்டா அது தோணாதும்மா."

"வேணும்னுதான் பண்ணாருன்னு நெனைச்சேன்." முதலாளியம்மா மேஜைமேல் இருந்த காகிதத்தை நகர்த்தினார், மறுபடி இருந்த இடத்திலேயே வைத்தார். "அந்தக் கோபத்துல எழுப்பின சுவரு. அதுக்கப்புறம் பேச்சு இல்ல. அவ்வளவுதான் கதை."

இத்தனை பேரைத் தூங்கவைத்த கதையின் முடிவு இவ்வளவு சின்னதாக இருந்தது. மின்விசிறி சுற்றியது. சகலை குறட்டை விட்டார்.

முதலாளியம்மா எழுந்து, சகலையின் சட்டைப்பையிலிருந்து சாவியைத் தானே எடுத்தார். சகலை சப்புக்கொட்டினார், விழிக்கவில்லை.

"இந்தா. மெதுவாப் போ. நாளைக்கு இவனையும் அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

கூலிங் வேனுக்குக் கிட்டத்தட்ட ஓடினார். சீப்பைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். இரண்டாவது கியரைத் தடவிக்கொடுத்துப் போட்டார், விழுந்தது. நிமிர்த்தி வைத்திருந்த "மெதுவாகச் செல்லவும்" பலகையை மெதுவாகக் கடந்தார். சிவப்பு விளக்கில் நின்று, அது பச்சையாகும்வரை கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடித் தடுப்புக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கூலிங்கு, இங்க வா. என் நாத்தனார் கல்யாணத்துல நடந்தது உனக்குச் சொல்லியிருக்கேனா?"

"இல்லீங்கம்மா. ஒரு வீட்ல ஏசி கம்ப்ளைன்ட், போகணும்..."

"போகலாம், போகலாம். உக்காரு. நீ ஒருத்தன்தான் முழிச்சிருந்து கேக்கறே."

உட்கார்ந்தார். நாற்காலியின் கால் ஆடியது. "இதைச் சரி பண்ணிடறேன்மா" என்று எழுந்தார்.

"அப்புறம் பண்ணலாம், உக்காரு," என்றார் முதலாளியம்மா. கல்யாணப் பத்திரிகை அச்சடித்த இடத்திலிருந்து தொடங்கினார். வெளியே வேன் வெயிலில் நின்றது. சாவி பையில் இருந்தது. தூக்கம் துளியும் வரவில்லை.